கார்னெகி ஊரின் மாடியறை: பழைய சிப்பாய்கள் கூடிய இடம்

பிட்ஸ்பர்க் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலில் பெருமாளைச் சேவித்து, கேண்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள். நகரத்துக்குத் தென்மேற்கே சில மைல் தள்ளி கார்னெகி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே குன்றின் மேல் ஒரு பழைய நூலகம். அதன் மாடியில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்கள் கூடிப் பேசிய அறை அப்படியே இருக்கிறது. இந்த நாட்டில் நான் பார்த்த பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்றுகூட என்னை இந்த அளவுக்குப் பிடித்து நிறுத்தியதில்லை.

எப்படிப் போவது, என்ன செலவு, எப்போது திறந்திருக்கும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் டாக்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஊரிலிருந்து பெரியப்பா வந்திருக்கிறார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பேருந்தில் அலைக்கழிக்க வேண்டாம் என்று, தங்கியிருந்த விடுதியில் சொல்லி ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்தேன். 45 டாலர் என்று பேச்சு. அதுவே அதிகம்தான், சரி, போகட்டும் என்று ஏறினோம். வழியில் ஸ்குவிரல் ஹில், ஃபோர்ட் பிட் என்று இரண்டு சுரங்கப்பாதைகள் வரும். இறங்கும்போது ஓட்டுநர் 60 கேட்டார். சுரங்கத்துக்குச் சுங்கம் 15 டாலராம். பெரியப்பா, "ரசீது குடுக்கச் சொல்லுடா" என்றார். ரசீது இல்லை, எல்லாம் மின்னணு முறை என்று பதில். பெரியவரை நடைபாதையில் நிற்கவைத்துக்கொண்டு சண்டை போட மனம் வராமல் கொடுத்தேன். பெரியப்பா உடனே ரூபாயில் கணக்குப் போட்டு, "ஆயிரத்து முன்னூறு வருதே" என்று பதறினார். அந்தச் சுரங்கங்கள் எதற்கும் சுங்கமே கிடையாது! யாராவது கேட்டால் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

கார்னெகி ஊர்க் கதைக்கு வருகிறேன். சார்டியர்ஸ், மான்ஸ்ஃபீல்ட் என்ற இரண்டு ஊர்கள் 1894-ல் ஒன்றாகி, எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரை வைத்துக்கொண்டன. அதற்குப் பதில் மரியாதையாக அவர் கொடுத்ததுதான் இந்த நூலகமும் இசை அரங்கமும் சேர்ந்த கட்டடம். 1901-ல் திறந்தார்கள். ஊர் சின்னது, கட்டடம் ரொம்பப் பெரியது. கீழே மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏதோ மாவட்ட நீதிமன்றம் போலத் தெரிகிறது. ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும். பெரியப்பா எனக்கு முன்னால் ஏறிவிட்டார், அது வேறு விஷயம்.

மாடியில் அந்த அறையின் பெயர் கேப்டன் தாமஸ் எஸ்பி போஸ்ட், எண் 153. போஸ்ட் என்றால் படைவீரர் சங்கத்தின் கிளை. கதவைத் தாண்டியதும் நான் எதிர்பார்த்தது கண்ணாடிக்குப் பின்னால் நாலு துப்பாக்கி, அதற்குக் கீழே விளக்கப் பலகை. துப்பாக்கியும் இருந்தது, கண்ணாடிப் பேழைகளும் இருந்தன. ஆனால் அது காட்சிக்கூடம் இல்லை, ஆட்கள் உட்கார்ந்து பேசிய கூட்ட அறை. மர நாற்காலிகள், கொடிகள், சுவர் நிறையச் சட்டமிட்ட படங்கள். பெரியப்பா வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

யார் இவர்கள்? கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக், சுருக்கமாக ஜி.ஏ.ஆர். உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி, இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்ற ஊரில், படையில் மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஸ்டீஃபன்சன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கு மாநிலங்களின் படையில் இருந்து, ஒழுங்காக விடுவிக்கப்பட்டவர்கள் மட்டுமே சேரலாம். கறுப்பின வீரர்களுக்கும் இடம் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரண விஷயம் இல்லை. ஊருக்கு ஊர் கிளை, கிளைக்கு ஒரு எண், பெரும்பாலும் இறந்துபோன ஒரு தோழரின் பெயர். எஸ்பி என்பவர் பென்சில்வேனியாவின் 62-வது படைப்பிரிவில் கேப்டனாக இருந்தவர். 1862-ல் வர்ஜீனியாவில் கெய்ன்ஸ் மில் சண்டையில் பட்ட காயத்தால் இறந்துபோனார்.

1890-ல் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை நாலு லட்சத்தைத் தாண்டியது. கிராண்ட், ஹேய்ஸ், கார்ஃபீல்ட், ஹாரிசன், மெக்கின்லி என்று ஐந்து குடியரசுத் தலைவர்கள் இதில் உறுப்பினர்கள். மெமோரியல் டே நமக்கெல்லாம் மே மாத நீண்ட வார இறுதி. அதற்கு வேர் இவர்கள்தான். 1868-ல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜான் லோகன், மே 30 அன்று இறந்த வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்கச் சொல்லி எல்லாக் கிளைகளுக்கும் ஆணை அனுப்பினார்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அங்கே இருந்த ஒரு தன்னார்வலர், வயதான மனிதர். பெரியப்பா பழைய ராணுவத்தான் என்று சொன்னதுதான் தாமதம், இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள். பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "பென்ஷனுக்கு இவங்க போராடினாங்களா?"

போராடினார்கள். நன்றாகவே போராடினார்கள். படைப்பணியால் காயமோ நோயோ வந்தவருக்குத்தான் பென்ஷன் என்று இருந்ததை மாற்றி, 90 நாள் பணி செய்திருந்து இப்போது உடலுழைப்புக்கு முடியாதவர் யாராக இருந்தாலும் கொடு என்று 1890-ல் சட்டம் வரவைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் வருமானத்தில் பெரும்பங்கு பென்ஷனுக்கே போனது. அப்போதே அதைத் திட்டியவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால் திட்டியவர்கள் பக்கம் நியாயம் குறைவு. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்காக டெல்லி வெயிலில் உட்கார்ந்த நம் முன்னாள் படைவீரர்களை நினைத்தால், இந்த அறையில் மேஜையைத் தட்டிப் பேசியவர்களின் கோபம் புரிகிறது. பெரியப்பா நெடுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் நடத்த முறை இருந்தது. ஒரு பக்கம் தலைவர், எதிர்ப்பக்கம் மூத்த துணைத் தலைவர், பக்கவாட்டில் இளைய துணைத் தலைவர், நடுவில் பீடம். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் வெள்ளை, கறுப்பு உருண்டைகளைப் பெட்டியில் போட்டு ரகசிய வாக்கெடுப்பு. சடங்கெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாரம் முழுக்க சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த ஆட்களுக்கு, இங்கே வந்து உட்கார ஒரு நாற்காலியும், பெயர் சொல்லிக் கூப்பிடத் தோழர்களும் இருந்தார்கள்.

என்னை உலுக்கியது ஒன்று உண்டு. நம் ஊர் நடுகல் செத்தவனுக்குத்தான். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன் பெயர் கல்லில் இருக்கும், உயிரோடு திரும்பியவனைப் பற்றி ஒரு வரி இருக்காது. இந்த அறை திரும்பியவர்களுடையது. எந்தப் படத்தை எங்கே மாட்டுவது, எதைப் பேழையில் வைப்பது என்று முடிவு செய்தவர்கள் அவர்களே. தங்களிடம் இருந்த பொருள்களைப் பட்டியலிட்டு 1911-ல் அச்சடித்தும் வைத்திருக்கிறார்கள். தளபதிகளின் சிலை இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. சாதாரண சிப்பாய் தன் நினைவைத் தானே அடுக்கி வைத்த இடம் இப்படிக் கலையாமல் கிடைப்பது அபூர்வம்.

எப்படிக் கலையாமல் கிடைத்தது என்பதுதான் இன்னும் ஆச்சரியம். 1906-ல் இந்த அறைக்கு வந்தார்கள். சங்கத்தின் விதிப்படி புது ஆள் சேர வழியே இல்லை. அந்த ஒரு போரில் இருந்தவர்களோடு முடிந்துவிட வேண்டிய சங்கம் அது. ஆண்டுக்கு ஆண்டு நாற்காலிகள் காலியாகி, 1930-களில் கிளையே இல்லாமல் போனது. அறையைப் பூட்டிவிட்டார்கள். யாரும் காலி செய்யவில்லை, ஏலம் போடவில்லை, புத்தகக் கிடங்காக மாற்றவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு பூட்டியே கிடந்தது. அப்புறம் திறந்து, பணம் திரட்டி, பொறுமையாகச் சீர்செய்து 2010-ல் மக்களுக்கு விட்டார்கள். இதற்கிடையில் 1956-ல், நாட்டிலேயே கடைசி ஜி.ஏ.ஆர். உறுப்பினரான ஆல்பர்ட் உல்சன் மின்னசோட்டாவில் இறந்தார். சங்கமும் அத்தோடு கலைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்தைக் கொடுத்த கார்னெகி படையில் சேர்ந்து சண்டை போடவில்லை. போரின் தொடக்கத்தில் அரசுக்காக ரயில், தந்தி வேலைகளைப் பார்த்தார். 1864-ல் படையில் சேர அழைப்பு வந்தபோது 850 டாலர் செலவில் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பினார். சட்டம் அதை அனுமதித்தது, பணக்காரர்கள் பலர் செய்தார்கள். அந்த மனிதரின் பணத்தில் எழுந்த கட்டடத்தில், பணம் கொடுத்துத் தப்ப முடியாதவர்கள் கூடியிருக்கிறார்கள். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "இடம் குடுத்தானே, அதுவரைக்கும் சரி" என்றார். எனக்கு அவ்வளவு சுலபமாக மனம் ஆறவில்லை.

அதே மாடியில் ஆபிரகாம் லிங்கனின் 100 புகைப்படங்கள் வைத்த கூடமும் உண்டு. தவறவிடாதீர்கள். அந்த முகம் நான்கு ஆண்டுப் போரில் எப்படிக் கிழடாகிப் போனது என்பது படத்துக்குப் படம் தெரியும்.

பசிக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு சிறிய உணவகத்தில் பியரோகி சாப்பிட்டோம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். மாவுக்குள் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மடித்து வேகவைத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு புரட்டிக் கொடுக்கிறார்கள். அமெரிக்கச் சாப்பாட்டை மூன்று வேளையும் குறை சொல்லும் பெரியப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு இன்னொரு தட்டு வேண்டியிருந்தது, டாக்சிக்காரரை நினைத்து அடக்கிக்கொண்டேன். சைவக்காரர்கள் பன்றி இறைச்சித் துணுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில கடைகளில் மேலே தூவிவிடுவார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பிட்ஸ்பர்க்கின் ஓக்லண்ட் பகுதியில் சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ் நினைவு மண்டபத்தையும் பார்க்கலாம். 1910-ல் திறந்த பிரம்மாண்டமான கட்டடம், அதையும் ஜி.ஏ.ஆர். ஆட்கள்தான் முயன்று வரவைத்தார்கள். மேடைக்கு மேலே லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை முழுசாக எழுதியிருக்கிறார்கள். பிரமிப்பாக இருக்கும். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் கார்னெகி போங்கள்.

எஸ்பி அறை சனிக்கிழமைகளில் காலை 11 முதல் மாலை 3 வரை திறந்திருக்கும். கிளம்பும் முன் நூலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. நன்கொடையாக 10 டாலர் போட்டோம், மனநிறைவோடு போட்ட பணம். திரும்பும்போது ஜி2 என்ற பேருந்தைப் பிடித்தோம். பேருந்துக்கென்றே போட்ட தனிச்சாலையில் சிக்னலும் நெரிசலும் இல்லாமல் நகர மையத்துக்குக் கொண்டுவந்து விட்டது. ஆளுக்கு 2.75 டாலர். காசாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை கிடைக்காது, சரியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நகர மையத்திலிருந்து இரண்டு பேர் போய்வர 11 டாலர்தான் ஆகும்.