வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் பதிவு எடுத்தபோது

லண்டன் ஹாரோவில், எங்கள் வீட்டிலேயே பிள்ளைகளைப் பராமரிக்க, பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிவு பெற்றிருக்கிறேன். இதைத் தொடங்க நினைக்கும் நம் பெண்கள் பெரும்பாலும் படிவங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பொறுமை இருந்தால் படிவங்கள் நிரம்பிவிடும். எனக்கு வேலை வைத்தது வீடுதான்.

முதலில் எண்ணிக்கை. இங்கிலாந்தில் ஒருவர் தனியாகப் பார்ப்பதானால் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் கூடாது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக மூன்று பேர். ஒரு வயது நிரம்பாதது ஒன்றுதான். சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

வீட்டில் வசிக்கும் 16 வயது நிரம்பிய அனைவருக்கும் டி.பி.எஸ். என்னும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. "ஆறு பிள்ளைகளை வளர்த்த என்னையா சந்தேகிக்கிறார்கள்?" என்று மாமி மனம் வருந்தினார். "மாமி, உங்களை எங்களுக்குத் தெரியும். பிள்ளையை விட்டுப் போகும் தாய்க்குத் தெரியாதே" என்றேன். மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்.

குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம். சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தவே கூடாது. முதுகில் ஐந்து தட்டு, பலனில்லை என்றால் நெஞ்சில் ஐந்து அழுத்து. பொம்மையை மடியில் கவிழ்த்துத் தட்டிப் பழகியபோது என் கை நடுங்கியது. அன்றிலிருந்து திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்காமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கச்சானும் (நிலக்கடலை) கிடையாது. அவர்கள் சாப்பிடும்போது அடுப்படி வேலையை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவேன்.

பிறகு தரையில் முழங்காலிட்டு, தவழும் குழந்தையின் உயரத்தில் ஒவ்வோர் அறையாகச் சுற்றினேன். திரைச்சீலைக் கயிற்றின் வளையம் கழுத்துக்கு எட்டியது. அதைச் சுவரில் உயரத்தில் இறுக்கிக் கட்டினோம். தொலைக்காட்சி ரிமோட்டில் இருந்தது பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடியது அது. ஆனால் எந்தக் கையேட்டிலும் நான் காணாத இடம் சாமி அறை. குத்துவிளக்கையும் தீப்பெட்டியையும் யாரும் கவனிப்பார்கள். கற்பூரத்தை? கற்கண்டு போல வெள்ளையாக, வாசனையாக, கைக்கெட்டும் தட்டில் கிடக்கிறது. சிறு பிள்ளை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். தமிழ் வீடுகளில் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் அனைவரும் இன்றே அதை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆஃப்ஸ்டெட்டிலிருந்து வந்த ஆய்வாளர் தடுப்புக் கதவுகளையும் புகை எச்சரிக்கைக் கருவியையும் பார்த்துவிட்டு, அதிக நேரம் கேள்விகளில்தான் செலவிட்டார். குழந்தையின் உடலில் காயம் கண்டால் என்ன செய்வீர்கள்? கூட்டிப்போக வரும் தந்தை குடித்திருந்தால்? உங்கள் வீட்டார்மீதே புகார் எழுந்தால் யாரிடம் சொல்வீர்கள்? நம்மவர்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயங்கள் இவை. உள்ளூராட்சியின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவின் தொலைபேசி எண்ணை நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன், அதைக் காட்டினேன். காலையில் பிள்ளை வரும்போதே இருக்கும் சிராய்ப்பைக்கூடக் குறிப்பேட்டில் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறேன். தெரிந்த குடும்பம், உறவுக்காரர் என்று யாருக்கும் இதில் விலக்குக் கொடுப்பதில்லை.