செயின் கழன்றதற்குக் கவர் என்ன செய்யும்?

மேட்டில் ஏறும்போது பெடல் திடீரென்று வெறுமனே சுற்றியது. அடுத்த நொடி ‘கறக்’ என்று பூட்டிக்கொண்டது. முழுக் கவர் போட்ட சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திறந்த செயின் என்றால் கையில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டும், ஒரு நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போகலாம். இதில் எங்கே கழன்றது என்பதே கண்ணுக்குத் தெரியாது.

இப்போது மாட்டியாயிற்று, வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. கோபம்தான் இன்னும் ஆறவில்லை. பின்டயர் மாற்றியபோது சக்கரத்தைக் கழற்றி மாட்டிய மெக்கானிக், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை டைட் வைக்காமலே நட்டை முறுக்கிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்தே கவருக்குள் லொடலொடவென்று ஒரு சத்தம். கேட்டதற்கு, “தகரக் கவர்னா அப்படித்தான் சத்தம் வரும்” என்றார். தொய்ந்த செயின் கவரின் அடித்தகட்டில் அடித்துக்கொண்டிருந்த சத்தம் அது. உங்கள் வண்டியில் அது கேட்டால் அன்றைக்கே பாருங்கள். செயின் கழலப் போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

கழன்ற பிறகு அவரிடமே கொண்டுபோனேன். “கவரைக் கழட்டித் தூக்கிப் போட்டுடுங்க சார், தொல்லை விட்டுது” என்றார். மழைத்தண்ணீரும் மண்ணும் செயினில் படாமல், துணி மாட்டிக் கிழியாமல் காப்பது அந்தக் கவர்தான். கழன்றதற்குக் காரணம் லூஸ் செயின். கவரைத் தூக்கி எறிந்தாலும் லூஸ் செயின் கழலத்தான் செய்யும். பேசிப் பயனில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

உருட்டிக்கொண்டு வருவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செயின் உள்ளே சிக்கியிருந்தாலும் வண்டி முன்னால் உருளும், பின்சக்கரத்தை முன்னோக்கி மட்டும் தனியாகச் சுற்றவிடும் ஃப்ரீவீல் (பின்பக்கப் பல்சக்கரம்) விட்டுக்கொடுக்கும். பின்னால் மட்டும் இழுக்காதீர்கள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் ஃப்ரீவீலும் சேர்ந்து சுற்றிச் செயினை இன்னும் இறுக்கிவிடும். திருப்ப வேண்டுமென்றால் பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்புங்கள். பூட்டிக்கொண்ட பெடலைக் காலால் மிதித்து விடுவிக்கப் பார்ப்பதும் கூடாது. லிங்க் முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் கவர் நசுங்கும்.

கவரின் பின்மூடியைத் திறப்பதில்தான் பாதிப் பொழுது போனது. துருப்பிடித்த இரண்டு சின்னத் திருகுகள். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட்டேன். தலையில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். காடி மழுங்கிவிட்டால் பிறகு குடைந்துதான் எடுக்க வேண்டும். மூடி வந்ததும் சின்னப் பல்சக்கரம் தெரிந்தது. செயின் அதில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. கழன்றது முன்பக்கம், பெரிய பல்சக்கரத்துக்கும் உள்தகட்டுக்கும் நடுவில். முன்பக்க வட்ட மூடி மாடலுக்கு மாடல் மாறும். என் வண்டியில் நெம்பினால் விலகிக் கிராங்கிலேயே (பெடலைத் தாங்கும் தண்டு) தொங்கும், உள்ளே இரண்டு விரல் போகும்.

அந்த நிலையில் செயினை இழுத்தால் வராது. பின்சக்கரத்தின் இரண்டு நட்டையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். நட்டை முழுசாகக் கழற்றவே வேண்டாம். மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு, வாஷர் எல்லாம் அந்த ஒரே ஆக்சிலில் வரிசையாக மாட்டியிருக்கும். கொட்டிவிட்டால் எது முதலில், எது பிறகு என்று தேட வேண்டியிருக்கும். சக்கரம் முன்னால் போனதும் செயின் தொளதொளவென்று ஆனது. பெடலைக் கையால் மெல்லப் பின்னோக்கி அசைத்ததும் சிக்கியது தானாக விடுபட்டது.

மாட்டுவதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய ஸ்போக். நுனியைக் கொக்கியாக வளைத்து முன்பக்க இடைவெளியில் விட்டு, மேல்செயினைத் தூக்கிப் பெரிய பல்சக்கரத்தின் உச்சிப் பல்லில் வைத்தேன். பிறகு கொக்கியை வெளியே எடுத்துவிட்டு, பெடலை முன்னோக்கி மெதுவாகச் சுற்றினேன். முதலில் வழுக்கியது. நாலைந்து பல்லில் நன்றாகப் பதியும்வரை செயினை அழுத்திவைத்துவிட்டுச் சுற்றியதும், டக் டக்கென்று ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பெடல் சுற்றும்போது விரல் உள்ளே இருக்கவே கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், நீங்கள் சொல்லாமல் பெடலைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் விரல் போனால் நகத்தோடு நிற்காது.

இத்தோடு மூடியை மாட்டிவிட்டால் அந்த மெக்கானிக் செய்த அதே வேலைதான் ஆகும். சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை டைட் வைக்க வேண்டும். நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் மொத்தம் அரை அங்குலம் ஆடலாம். பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பல்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், ஓரிடத்தில் டைட்டாகவும் ஓரிடத்தில் லூஸாகவும் இருக்கும். டைட்டான இடத்தில் அந்த அரை அங்குலம் இருக்க வேண்டும். வீணைத் தந்திபோல இழுத்துவைத்தால் பெடல் கனக்கும், பேரிங் கெடும். செயின் பக்கத்து நட்டைப் பாதி முறுக்கி, டயருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி சக்கரத்தை நேராக்கி, அடுத்த நட்டை முறுக்கி, பிறகு இரண்டையும் இறுக்குங்கள். சக்கரம் நகர்ந்திருப்பதால் பின்பிரேக் கட்டையும் தள்ளிப்போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் தெருவில் இறங்காதீர்கள்.

மூடியை மாட்டியதும் கவரில் காதை வைத்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். உரசல் கேட்டால் தகடு எங்கோ நசுங்கியிருக்கிறது.

சக்கரத்தைக் கடைசிவரை இழுத்தும் செயின் தொய்ந்தால் அது தேய்ந்து நீண்டுவிட்டது. புதுச் செயினில் 24 லிங்க் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து 12 1/8 வந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய செயினை அப்படியே உருவி எடுத்துவிட வேண்டாம். அதன் நுனியில் புதுச் செயினைக் கம்பியால் கட்டி இழுத்தால், கவருக்குள் தானாக வழி பிடித்து மறுபக்கம் வந்துவிடும். செயினின் இரண்டு நுனியையும் இணைக்கும் கிளிப் லிங்கில், கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.