எந்த நாளில் வீடு மாறினாய்?

எனது தங்கையின் மகன் அமெரிக்காவில் நியூஜேர்சி மாநிலத்திலிருந்து ரெக்சாஸுக்கு வீடு மாறியது 2024 ஆகஸ்ட் 20ஆம் திகதி. ஏழு மாதம் கழித்து, இங்கே இலங்கையில் இரவு ஒன்பது மணியும் அங்கே காலை பத்தரையுமான ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வட்ஸ்அப்பில் அழைத்து, "மாமா, அந்த வருடம் நியூஜேர்சியில் 183 நாளுக்கு மேல் இருந்துவிட்டேன், முழு வருடச் சம்பளத்துக்கும் அங்கேதான் மாநில வருமான வரி கட்ட வேண்டும் என்று சிநேகிதன் சொல்கிறான்" என்றான். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் இருந்தவன் என்ற துணிவில், நானும் யோசிக்காமல் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பிழை.

பிழைக்குக் காரணம் என் தலைக்குள் இருந்த எங்கள் சட்டம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வரியாண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது பன்னிரண்டு மாதங்களுக்குள் மொத்தம் 183 நாளோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்தவர் அந்த ஆண்டுக்கு வதிவாளர், அதாவது வரிக்காக இங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர், ஆகிவிடுகிறார். நியூஜேர்சியிலும் 183 என்ற எண் இருக்கிறது. ஆனால் அது, வேறு மாநிலத்தை நிரந்தர வதிவிடமாகக் காட்டிக்கொண்டு நியூஜேர்சியிலும் நிலையான வீடொன்றை வைத்திருந்து, 183 நாளுக்கு மேல் அங்கேயே காலம் கழிப்பவர்களைப் பிடிப்பதற்காக வைத்த எண். வீட்டை விட்டுவிட்டு, திரும்பி வரும் எண்ணமின்றிக் குடிபெயர்ந்தவன் 233 நாள் அங்கே இருந்திருந்தாலும் பகுதியாண்டு வதிவாளன்தான். புறப்பட்ட நாள்வரை அவனுடைய எல்லா வருமானமும் நியூஜேர்சியின் கணக்கில் வரும். அதன் பின்னர் அந்த மாநிலத்தில் உழைத்தது மட்டுமே வரும்.

ஆகவே நாட்களை எண்ணுவதை விட்டு, புறப்பட்ட நாளை நிரூபிப்பதில் இறங்கினோம். அடுக்குமாடி வீட்டின் திறப்பை ஒப்படைத்தபோது வாங்கிய கையெழுத்து, சாமான் ஏற்றிய லொறிக்கான பற்றுச்சீட்டு, ரெக்சாஸின் டலஸ் நகரில் எழுதிய வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அவனுடைய மின்னஞ்சலிலேயே கிடந்தன. சாரதி அனுமதிப்பத்திரத்தை மாத்திரம் டிசம்பரில்தான் மாற்றியிருந்தான். புதிதாகக் குடியேறுபவர் 90 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது ரெக்சாஸின் விதி என்று சொன்னதற்கு, வேலை கூடிப்போயிற்று என்றான். எல்லாருக்கும் வேலை கூடித்தான் போகிறது.

உண்மையான சிக்கல் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றில் இருந்தது. அதில் 15 முதல் 17 வரையுள்ள கட்டங்களில் மாநிலத்தின் பெயர், அந்த மாநிலத்துக்கான சம்பளம், பிடித்த வரி ஆகியவை இருக்கும். அதே நிறுவனத்தின் டலஸ் கிளைக்குத்தான் அவன் மாறியிருந்தான். மேலாளருக்குச் சொன்னவன், சம்பளப் பிரிவின் பதிவில் முகவரியை மாற்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதச் சம்பளமும் நியூஜேர்சிச் சம்பளமாகவே பதிவாகி, வரியும் அங்கேயே போயிருந்தது. சான்றில் உள்ள தொகை ஒன்றும் வரி அலுவலகத்துக்கு அனுப்பும் விவரத்திரட்டில் எழுதும் தொகை வேறொன்றுமாக இருந்தால் கேள்வி வரும் என்பதால், திருத்திய சான்றை, அதாவது டபிள்யூ-2சி என்ற படிவத்தை, எழுத்தில் கேட்கச் சொன்னேன்.

இரண்டு மாதமும் பிடித்த வரி முழுவதும் திரும்பி வரும் என்று அவன் கணக்குப் போட்டுவைத்திருந்தான். ஒக்டோபர் சம்பளச் சிட்டையைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தபோது, நடுவில் 6,000 டொலர் ஊக்கத்தொகை ஒன்று கண்ணில் பட்டது. எதற்காகக் கொடுத்தது என்று கேட்டேன். சனவரி முதல் யூன் வரையான வேலைக்கு என்றான். பணம் ரெக்சாஸில் கைக்கு வந்தாலும் வேலை நடந்தது நியூஜேர்சியில். ஆகவே அது நியூஜேர்சிக்கு உரிய வருமானம். இதனால் வதிவாளனாக இருந்த பகுதிக்கு என்.ஜே.-1040, வதியாதவனான பின் வந்த இந்தத் தொகைக்கு என்.ஜே.-1040 என்.ஆர். என இரண்டு படிவங்கள் தேவைப்பட்டன. அவனுக்குக் கொஞ்சம் கோபம். சம்பளப் பிரிவு தற்செயலாகச் சரியாகப் பிடித்த வரி அது ஒன்றுதான் என்று நான் சொன்னதை அவன் ரசிக்கவில்லை.

சில்லறை விதிகளும் உண்டு. பகுதியாண்டுக்காரருக்கு 1,000 டொலர் தனிநபர் விலக்கை, அதாவது வரி விதிக்காமல் வருமானத்தில் கழிக்கும் தொகையை, நியூஜேர்சி மாதக் கணக்கில்தான் தருகிறது. 15 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அது ஒரு மாதம். ஆகஸ்டில் 20 நாள் இருந்தபடியால் எட்டு மாதம், 667 டொலர். அவன் நியூயோர்க்கிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ புறப்பட்டிருந்தால் கணக்கின் போக்கே வேறு: அந்த மாநிலங்கள் முழு வருட வருமானத்துக்கும் வரி கணித்து, பிறகு தங்கள் பங்குக்குரிய விகிதத்தை எடுக்கின்றன. ரெக்சாஸில் உழைத்த பணத்துக்கு அவை நேரடியாக வரி விதிப்பதில்லை, ஆனால் அந்தப் பணம் வரிவீதத்தை உயர்த்திவிடுகிறது.

ரெக்சாஸுக்கு எழுத எதுவும் இல்லை. தனிநபர் வருமானத்துக்கு அங்கே வரி கிடையாது. 2019இல் மாநில அரசியலமைப்பிலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். வீடு வாங்கினால் ஆதனவரி எவ்வளவு வரும் என்பதை அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

திருத்திய சான்று ஏப்ரல் 8ஆம் திகதி வந்தது. கடைசி நாளான 15ஆம் திகதிக்கு மூன்று நாள் இருக்கையில் இரண்டு படிவங்களையும் அனுப்பினான். பணம் இன்னும் வரவில்லை.