என்.எல்.ஓ. வைவா: இரண்டு கோடு வரையத் தெரிந்தால் போதும்

கோர்ஸ்வொர்க் முடிவு போன வாரம் வந்தது. நேரியலற்ற ஒளியியலில் (என்.எல்.ஓ., ஒரு நிறத்து லேசரைப் படிகத்தில் செலுத்தி வேறு நிறம் எடுக்கும் பாடம்) தேறிவிட்டேன். எழுத்துத் தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பழைய வினாத்தாள்களே போதும். ஆளை உருட்டி எடுப்பது வைவா என்கிற வாய்மொழித் தேர்வுதான்.

மனப்பாடம் எனக்கு ஆகாது. அதனால் ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டேன்: பிபிஓ (பேரியம் போரேட்) படிகத்தின் ஒளிவிலகல் எண். படிகத்துக்குள் ஒளி இரண்டு வகைக் கதிராகப் போகும். மேலே சாதாரணக் கதிரின் கோடு, கீழே அசாதாரணக் கதிரின் கோடு, இரண்டும் அலைநீளம் கூடக்கூட இறங்கும். 1064 நானோமீட்டரில் மேல்கோடு சுமார் 1.655. 532-ல் மேல்கோடு 1.675, கீழ்க்கோடு 1.555. ஒளி அச்சுக்கு 22.8 டிகிரி சாய்வாக ஒளியைச் செலுத்தினால், 532-ன் அசாதாரண மதிப்பும் 1.655-க்கு வந்துவிடும். 1064 ஒளியும் அதிலிருந்து பிறக்கும் பாதி அலைநீள 532 ஒளியும் ஒரே வேகத்தில் சேர்ந்து போகும். ஃபேஸ் மேட்சிங் இவ்வளவுதான். சமன்பாட்டில் தொடங்காதீர்கள், பலகையில் இதை முதலில் வரையுங்கள். அப்புறம் கேள்விகள் படத்தைச் சுற்றியே வரும்.

அதுவரை கைபேசியில் மூழ்கியிருந்த ஒரு தேர்வாளர் நிமிர்ந்து, "சரி, ஓ.பி.ஓ.வில் நிறத்தை மாற்றுவது எது?" என்றார். ஓ.பி.ஓ. என்பது ஒரு லேசர் ஒளியை இரண்டு நிறங்களாக உடைக்கும் கருவி. பதில் அதே படம்தான். 355 நானோமீட்டர் பம்ப் (உள்ளே செலுத்தும் லேசர்) சிக்னல், ஐட்லர் என்று இரண்டாக உடைகிறது. எந்த ஜோடியாக உடையும் என்பதைப் படிகத்தின் கோணம் முடிவு செய்கிறது. சிக்னல் 500 என்றால் ஐட்லர்? நானோமீட்டரில் பின்னக் கணக்குப் போட்டுத் திணறாமல் அலை எண்ணுக்கு (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை) மாறுங்கள்: 28169-லிருந்து 20000 போனால் 8169, அதாவது 1224 நானோமீட்டர். உடனே அடுத்தது வரும்: 710-ஐ நெருங்கினால்? சிக்னலும் ஐட்லரும் ஒன்றாகும், வரியகலம் (வெளிவரும் நிறத்தின் பரவல்) விரியும்.

மற்றவை:

- வாக்-ஆஃப், அதாவது படிகத்துக்குள் அசாதாரணக் கதிர் பக்கவாட்டில் விலகிப்போவது. பிபிஓவில் 3 டிகிரிக்கு மேல். கற்றையை இறுக்கிக் குவித்தால் ஏன் பலன் குறைகிறது?
- எல்பிஓ (லித்தியம் ட்ரைபோரேட்) படிகத்தைச் சுமார் 148 டிகிரி செல்சியஸில் வைத்தால் 1064-க்கு வாக்-ஆஃப் தொல்லை இல்லை.
- பிபிஎல்என் (உள்ளே மின்முனைத் திசையை வரிவரியாக மாற்றி மாற்றி அமைத்த லித்தியம் நியோபேட்): கோணத்தைத் தொட வேண்டாம். வெப்பநிலை, அல்லது போலிங் இடைவெளி (அந்த வரிகள் திரும்ப வரும் தூரம்).
- லேசரின் அலைநீளம் பாதியாவதை முதலில் காட்டிய சோதனை: 1961, ஃபிராங்கன், ரூபி லேசர், குவார்ட்ஸ். வருடத்தை யாரும் கேட்பதில்லை. குவார்ட்ஸில் ஏன் அவ்வளவு மங்கலாக வந்தது என்பார்கள். இரட்டை விலகல் (இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி) போதாது, ஃபேஸ் மேட்சிங் கிடையாது.

படிகம் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. "பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைவிட இத்தனை மடங்கு" என்று தூள் சோதனை (படிகத்தைத் தூளாக்கி, லேசர் அடித்து, பிறக்கும் பாதி அலைநீள ஒளியை அளப்பது) முடிவைப் பெருமையாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். துகள் அளவு என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். ஃபேஸ் மேட்சிங் உள்ள பொருளில் துகள் பெருக்கப் பெருக்க சிக்னல் ஏறி ஒரு நிலையில் நிற்கும். இல்லாததில் ஓரளவுக்கு மேல் இறங்கும். இரண்டு தூளையும் ஒரே சல்லடையில் சலித்தீர்களா என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டுப் போங்கள்.