அம்மாவின் தேநீரில் அரைக் கரண்டி

அம்மாவுக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் வன்னியில் எங்கள் வட்டக்கச்சி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "சீனியை அடியோடு நிறுத்துங்கோ" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அயல் வீட்டில் போய்க் குடிப்பார். அவரை எனக்குத் தெரியும்.

கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். ஆக, தேநீரில் மட்டும் 60 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிளினிக் மாத்திரைகள் வழக்கம்போல் தொடர, கோப்பைக்கு அரைக் கரண்டி மட்டும் குறைத்தேன். அந்தச் சுவை நாக்குக்குப் பழகி, அம்மா முகம் சுளிக்காமல் குடிக்கத் தொடங்கிய பிறகே அடுத்த அரைக் கரண்டி. இப்போது கோப்பைக்கு அரைக் கரண்டியில் நிற்கிறோம்.

"போர் நாள்களில், பொருளாதாரத் தடைக் காலத்தில் உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்தவர்கள்தானே நாங்கள்" என்றார் அம்மா ஒருநாள். அது வேறு, அம்மா. அன்று கிடைக்காததால் குடித்தீர்கள். இன்று உங்கள் விருப்பத்தோடு குறைக்கிறீர்கள். அந்த இல்லாமையை நல்ல பழக்கம் என்று யாரும் புகழ எனக்குச் சம்மதமில்லை.

நான் எனக்காகத் தொடங்கியது நடை. மணி பார்ப்பதில்லை, மாலையில் மாட்டைக் கட்டியதும் கால் தானாக வாய்க்கால் கரைக்குப் போகும். ஏற்கெனவே தினமும் செய்கிற வேலையோடு புதியதைச் சேர்த்துவிட்டால் தனியாக நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் வன்னியில் மாரி வந்தால் கரை சேறாகிவிடும், பாம்பும் வரும். லண்டன் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்குச் சிலருக்கு 18 நாள்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 வரை போகும் என்று கணித்தார்கள். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். மழை நாள்களில் விறாந்தையிலேயே கொஞ்சம் நடக்கிறேன். தை பிறந்து கரை காய்ந்ததும் மறுபடி வாய்க்கால்.

இரவுச் சாப்பாட்டில் வெள்ளை மாப் புட்டுக்குப் பதிலாகச் சில நாள் குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் வந்துவிட்டன. அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்தது உப்பு. கருவாடும் மோர்மிளகாயும் இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஒரே சாப்பாட்டில் இரண்டும் வேண்டாம், ஏதாவது ஒன்று போதும் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.