சலூன்ல நடந்த வாதம்

"மேலேருந்து குண்டு போட்டா ஒரே மாசத்துல ஐ.எஸ். தீவிரவாதிங்க கதை முடிஞ்சிரும் தம்பி!"

ஹட்டன் சலூன்ல டீவியில சிரியா செய்தி. முடி வெட்டிக்கிட்டிருந்த அண்ணன் கத்தரிக்கோலை அப்படியே நிறுத்திட்டாரு.

"அப்ப ஈராக்ல மொசூல் நகரத்துல ஏன் ஒன்பது மாசம் இழுத்துச்சு மாமா?"

நியாயமான கேள்வி. 2016 அக்டோபர்ல தொடங்கி 2017 ஜூலை வரைக்கும் சண்டை. மேலே விமானம் பறந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனாலும் பழைய நகரத்துச் சந்துக்குள்ள ஈராக் படை வீடு வீடாத்தான் போக வேண்டியிருந்துச்சு. சனங்களை வெளியேற விடாம ஐ.எஸ்.காரனுங்க கேடயமா வச்சிருந்தானுங்க. அங்க போடுற குண்டு யார் தலையில விழும்?

எனக்கு உறுத்துறது வேற.

2019 மார்ச் 23, சிரியாவுல ஐ.எஸ்.ஸோட கடைசித் துண்டு நிலம் பாகூஸும் பறிபோச்சுன்னு அறிவிச்சாங்க. ஒரு மாசம்கூட ஆகல. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நம்ம இலங்கையில தேவாலயங்கள்லயும் ஹோட்டல்கள்லயும் 250 பேருக்கு மேல செத்தாங்க. ஐ.எஸ். பேரைச் சொல்லிச் செஞ்சவனுங்க எல்லாம் இந்த மண்ணுல பொறந்தவனுங்க.

ஏப்ரல் 4லேயே இந்தியாவுல இருந்து எச்சரிக்கை வந்திருச்சு. பூசைக்குப் போன சனத்துக்கு யாரும் சொல்லல. கடமை தவறினாங்கன்னு முன்னாள் ஜனாதிபதிக்கும் அதிகாரிகளுக்கும் எதிரா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2023 ஜனவரி ஆச்சு.