பூண்டு காலிஃபிளவரும் உப்பு பார்க்க வரும் கூட்டமும்

ஒரு நடுத்தரப் பூவைப் பிரித்தால் முப்பது துண்டு தேறும். மேசைக்குப் போய்ச் சேர்வது பதினெட்டு. மீதி பன்னிரண்டும் அடுப்படியிலேயே ‘உப்பு பார்க்க’ வந்தவர்கள் கணக்கு. இது தெரிந்துதான் காலிஃபிளவர் வாங்க வேண்டும்.

முதல் கலவரம் புழு. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டு, பூவை 3 நிமிடம் மட்டும் மூழ்க விடுங்கள். புழு போகட்டும் என்று பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் புழுவோடு பூவும் போய்விடும். பிறகு கூட்டுதான் வைக்கலாம். வடிதட்டில் இரண்டு குலுக்கு குலுக்கினால் ஈரம் போகாது. மொட்டுக்குள் தண்ணீர் ஒளிந்துகொண்டு, எண்ணெயில் விழுந்ததும் தீபாவளி கொண்டாடும். வேட்டித் துணியில் பரப்பி 20 நிமிடம் காற்றாட விட்டுவிடுங்கள்.

மாவுக்கு மைதா 4 மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளோர் 4, அரிசி மாவு 1, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, உப்பு. கார்ன்ஃப்ளோர் என்பது வெள்ளை ஸ்டார்ச். கடைக்கு அனுப்பிய ஆள் மஞ்சள் மக்காச்சோள மாவோடு வந்து நின்றால் திருப்பி அனுப்புங்கள், மொறுமொறுப்பு வராது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பஜ்ஜி மாவைவிட ஒரு பிடி தளர்வாகக் கரைத்தால் போதும். கலர் பொடி வேண்டாம். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாதென்று கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடையே போட்டது. காஷ்மீரி மிளகாய் தரும் சிவப்பு போதாதா?

ஒரு சொட்டு மாவு அடியில் போய் உடனே மேலே வந்தால் எண்ணெய் தயார். பத்துப் பத்தாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் ஆறி, பூ எண்ணெயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். மிதமான தீயில் 4 நிமிடம், எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, தீயைக் கூட்டி மறுபடி ஒன்றரை நிமிடம். ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் மேலே வரும், இரண்டாவது பொரியலில் அது ஆவியாகும். உப்பு பார்க்கும் கூட்டம் சரியாக இந்த 5 நிமிட இடைவெளியில்தான் வரும். பாதி வெந்ததைத் தின்றுவிட்டு ‘இன்னும் மொறுமொறுப்பு பத்தல’ என்று தீர்ப்பும் சொல்லும்.

இனி பூண்டு. இருபது பல், கத்தியால் அரிசி அளவுக்கு நறுக்கியது. மிக்ஸியில் அரைத்த விழுதானால் சட்டியில் ஒட்டி, கருகி, கசக்கும். நறுக்கி 10 நிமிடம் சும்மா வையுங்கள். பூண்டின் காரமான வாசனைக்குக் காரணமான அல்லிசின், பல் நசுங்கிய பிறகுதான் உருவாகிறது. இரண்டு கரண்டி எண்ணெயும் பதினைந்து பல் பூண்டும் ஆறிய சட்டியில் ஒன்றாகப் போட்டு, சிறு தீயில் ஏற்றுங்கள். புகையும் எண்ணெயில் பூண்டைப் போட்டு, போனை எடுக்க ஓடிய கதைதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் விபத்து. வைக்கோல் நிறம் வந்ததுமே ஒரு பிடியை அரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால், எடுத்த பிறகும் சூட்டில் சிவந்துகொண்டே போய்க் கருகிவிடும்.

சட்டியில் இருக்கும் மிச்சப் பூண்டோடு நறுக்கிய பச்சை மிளகாய் 2, தக்காளி சாஸ் 1 மேசைக்கரண்டி, சில்லி சாஸ் 2 தேக்கரண்டி, சோயா சாஸ் 1 தேக்கரண்டி, அரை தேக்கரண்டி சர்க்கரை. சோயாவிலேயே உப்பு இருக்கிறது, கை தானாக உப்பு டப்பாவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோரைக் கரைத்து ஊற்றி, பளபளவென்று வந்ததும் பூவைப் போட்டு நாலு புரட்டு. அடுப்பை அணைத்துவிட்டு மீதி ஐந்து பல் பச்சைப் பூண்டு, வெங்காயத்தாள், எடுத்து வைத்த மொறுமொறு பூண்டு எல்லாம் மேலே.

உடனே தட்டுக்கு மாற்றுங்கள். ‘ஆறிடுமே’ என்று பாசமாக மூடி போட ஒருவர் வருவார். மூடியில் பட்ட ஆவி சொட்டி, பத்தே நிமிடத்தில் அத்தனையும் பூண்டு சாஸில் ஊறிய பொரியலாகிவிடும். மூடியை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.